தனியாக வட இந்தியா: குளிர்காலப் பயணத்தை கம்ப்யூட்டரில் திட்டமிடுவது எப்படி?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், பிள்ளைகள் கேம்ஸ் ஆடுகிறார்கள். "இதை வைத்து வேறு என்னதான் சார் செய்வது?" என்று எங்கள் வடக்குத்தில் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒருவர் கேட்டார். நெய்வேலி சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் ஷிப்டுக்குப் போனவருக்கு ஒரே ஓர் ஆசைதான். ஒரு மார்கழி, தை மாதத்தில் தன்னந்தனியாக ரயிலேறி டெல்லி, அமிர்தசரஸ், காசி எல்லாம் பார்த்துவிட்டு வர வேண்டும். வீட்டில் மட்டும் சம்மதம் கிடைக்கவில்லை. "இந்த வயதில் தனியாக, அதுவும் அந்தக் குளிரில்" என்று வீட்டு அம்மா பயந்தார்.

அவர் பயந்ததில் தவறில்லை. 2015 ஜனவரியில் நானும் அப்படித்தான் கிளம்பினேன். காசியிலிருந்து டெல்லி வந்து, நான்கு மணி நேர இடைவெளியில் அமிர்தசரஸ் ரயிலைப் பிடிப்பதாக ஏற்பாடு. பேப்பரில் அழகாக எழுதி வைத்திருந்தேன். பனிமூட்டத்தில் ரயில் ஒன்பது மணி நேரம் தாமதம். அடுத்த ரயில் போய்விட்டது, டிக்கெட் பணமும் போய்விட்டது. நடுவில் செல்போனில் சார்ஜ் தீர்ந்தது. இங்கே வடக்குத்தில் என் மனைவி இரவு முழுவதும் தூங்கவில்லை. தெருவில் பாதிப் பேரை எழுப்பிவிட்டாள்.

திரும்பி வந்ததும் யோசித்துப் பார்த்தேன். ரயில் நேரத்தை எல்லாம் எழுதிய நான், ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை எழுதவே இல்லை. குளிர்காலப் பயணத்துக்கு அந்த இடைவெளிதான் திட்டம். அதைக் கணக்குப் போட கம்ப்யூட்டரை விட்டால் நல்ல ஆள் கிடையாது. எப்படி என்று பார்ப்போம்.

பனி வந்தால் ரயில் ஏன் நிற்கிறது?

நம் ஊரில் பனி என்றால் காலையில் காதுக்கு ஒரு மப்ளர், அவ்வளவுதான். வடக்கே அது வேறு கதை. மேற்கிலிருந்து வரும் மழை மேகங்கள் பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசச் சமவெளியை நனைத்துவிட்டுப் போகும். பிறகு வானம் தெளியும், காற்று அடங்கும். நீண்ட இரவில் தரை வேகமாகக் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய ஈரக் காற்று அப்படியே புகை மாதிரி உறைந்து நிற்கும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் இது அதிகம்.

கண்ணுக்குத் தெரியும் தூரம் 1,000 மீட்டருக்குக் குறைந்தாலே வானிலைத் துறை அதை மூடுபனி என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும். 200 மீட்டருக்குக் குறைந்தால் அடர்ந்த பனி. 50 மீட்டருக்குக் கீழே போனால் மிக அடர்ந்த பனி. ரயில் ஓட்டுபவர் சிக்னலைக் கண்ணால் பார்த்துத்தான் வண்டியை ஓட்ட வேண்டும். அடுத்த சிக்னல் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று ஜி.பி.எஸ். மூலம் சொல்லும் சிறு கருவிகள் இப்போது எஞ்சின்களில் இருக்கின்றன. ஆனாலும் அது சிக்னலின் நிறத்தைச் சொல்லாது. அதனால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். ஒரு வண்டி மெதுவானால் அதன் பின்னால் வரும் அத்தனை வண்டிகளும் மெதுவாகும்.

இதிலிருந்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. தெற்கிலிருந்து டெல்லி போகும் வண்டி வழியெல்லாம் சரியாக ஓடிவிட்டு, குவாலியர், ஆக்ரா பக்கம் வந்த பிறகு தாமதமாகலாம். முதல் நாள் மாலை "சரியான நேரம்" என்று காட்டுவதை நம்பி அடுத்த ரயிலுக்கு டிக்கெட் எடுக்கக் கூடாது.

2. வடக்கிலிருந்து திரும்பும் வண்டி புறப்படும்போதே தாமதமாகலாம். பல நீண்ட தூர ரயில்களில், வந்து சேரும் பெட்டிகளையே கழுவித் துடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். வரும் வண்டி எட்டு மணி நேரம் தாமதமானால் போகும் வண்டியும் பிந்தும். எனவே திரும்பும் நாளில் உங்கள் ரயிலின் எண்ணை மட்டுமல்ல, அதன் ஜோடி ரயிலின் எண்ணையும் போட்டுப் பாருங்கள்.

3. பனி பின்னிரவில் இறங்கி முற்பகலில்தான் விலகும். வடக்கே சிறு தூரங்களுக்கு, காலை 11 மணிக்கு மேல் புறப்பட்டு இரவுக்குள் சேரும் ரயில் நல்லது. அதிலும் எங்கிருந்தோ வரும் வண்டியை விட, நீங்கள் ஏறும் ஊரிலேயே புறப்படும் வண்டி மேல்.

முதலில் மூன்று தளங்கள்

கம்ப்யூட்டரில் இன்டர்நெட் இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு பிரவுசரைத் திறங்கள். மூன்று தளங்கள் போதும்.

டிக்கெட்டுக்கு ஐ.ஆர்.சி.டி.சி. தளம். முகவரி: ஐஆர்சிடிசி டாட் கோ டாட் இன். 2002 ஆகஸ்டில் தொடங்கிய சேவை இது. இதில் உங்களுக்கு ஒரு யூசர் நேம், பாஸ்வேர்ட் வேண்டும். அக்கவுண்ட் திறந்தவுடன் ஆதார் சரிபார்ப்பையும் முடித்துவிடுங்கள். 2025 ஜூலை முதல் தத்கால் டிக்கெட்டை இணையத்தில் எடுக்க ஆதார் சரிபார்த்த அக்கவுண்ட் கட்டாயம். கடைசி நிமிடத்தில் ஓ.டி.பி. வரவில்லை என்று தவிக்க வேண்டாம்.

ரயில் எங்கே வருகிறது என்று பார்க்க என்.டி.இ.எஸ். தளம். முகவரி: என்கொயரி டாட் இண்டியன்ரெயில் டாட் ஜிஓவி டாட் இன். ஐந்து இலக்க ரயில் எண்ணை டைப் செய்தால் வண்டி எந்த ஸ்டேஷனைத் தாண்டியிருக்கிறது, எத்தனை நிமிடம் தாமதம் என்று காட்டும். இதற்குப் பணமும் கிடையாது, பாஸ்வேர்டும் கிடையாது.

வானிலைக்கு இந்திய வானிலைத் துறையின் தளம். முகவரி: மௌசம் டாட் ஐஎம்டி டாட் ஜிஓவி டாட் இன். மூடுபனி, குளிர் அலை எச்சரிக்கைகளை வண்ணங்களில் காட்டும்.

ஓர் எச்சரிக்கை. இந்த முகவரிகளை நீங்களே டைப் செய்யுங்கள். தேடல் தளத்தில் தேடி, முதலில் வரும் விளம்பரத்தை கிளிக் செய்ய வேண்டாம். அசல் மாதிரியே தோற்றமளிக்கும் போலித் தளங்கள் உண்டு. "டிக்கெட் பணம் திருப்பித் தருகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று யார் போன் செய்தாலும் வைத்துவிடுங்கள். தப்பித் தவறி பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லலாம்.

டேபிள் போடுவோம்

கணக்குப் போட எக்ஸெல் இருந்தால் சரி. இல்லாவிட்டால் லிப்ரெ ஆபீஸ் என்ற தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். அதில் கால்க் என்ற புரோகிராம் இருக்கிறது. அதைத் திறந்தால் கட்டம் கட்டமாக ஒரு தாள் வரும். ஒவ்வொரு கட்டமும் ஒரு செல்.

முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை வரிசையாகத் தாருங்கள்: எங்கிருந்து, எங்கே, ரயில் எண், புறப்படும் நாள்-நேரம், சேரும் நாள்-நேரம், இடைவெளி, புக்கிங் திறக்கும் நாள், கவலை நேரம், பி.என்.ஆர். எண், தங்கும் இடம்.

"கவலை நேரம்" என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? கடைசியில் சொல்கிறேன். இந்த டேபிளின் உயிரே அதுதான்.

கம்ப்யூட்டர் திரையை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் வேலை சுலபம். பிரவுசர் திறந்திருக்கும்போது விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு இடது அம்புக்குறியைத் தட்டுங்கள். அது இடது பாதியில் போய் ஒட்டிக்கொள்ளும். கால்க்கைத் திறந்து, விண்டோஸ் கீயுடன் வலது அம்புக்குறியைத் தட்டுங்கள். இப்போது ஒரு பக்கம் ரயில் நேரம், மறு பக்கம் உங்கள் டேபிள். பார்த்துப் பார்த்து டைப் செய்யலாம். சின்ன செல்போன் திரையில் இந்த வசதி வராது.

ஓர் எடுத்துக்காட்டுப் பயணம்:

ஜனவரி 5 காலை - விருத்தாசலத்திலிருந்து சென்னை எழும்பூர்
ஜனவரி 5 இரவு - சென்னை சென்ட்ரலில் இருந்து புது டெல்லி
ஜனவரி 9 - டெல்லியிலிருந்து அமிர்தசரஸ்
ஜனவரி 12 - அமிர்தசரஸிலிருந்து டெல்லி
ஜனவரி 14 - டெல்லியிலிருந்து வாரணாசி
ஜனவரி 18 - வாரணாசியிலிருந்து சென்னை
ஜனவரி 21 - சென்னையிலிருந்து விருத்தாசலம்

மொத்தம் ஆறாயிரம் கிலோ மீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து புது டெல்லி மட்டுமே தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் 2,182 கிலோ மீட்டர். இரவு 10 மணிக்கு ஏறினால் மூன்றாம் நாள் விடியற்காலையில் சேரும். ரயில் நேரங்கள் அவ்வப்போது மாறும் என்பதால் நீங்கள் டிக்கெட் எடுக்கும் நாளில் தளத்தில் காட்டும் நேரத்தையே டேபிளில் இடுங்கள்.

தேதியில் ஒரு பொறி

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. ஜனவரி 5 என்பதற்கு 05/01 என்று டைப் செய்கிறோம். உங்கள் கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் செட் செய்யப்பட்டிருந்தால் அதை மே 1 என்று எடுத்துக்கொள்ளும். திரையில் பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது. கணக்கு மட்டும் கோளாறாகும்.

இதைத் தவிர்க்க எளிய வழி, வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் நடுவில் சிறு கோடு போட்டு டைப் செய்வதுதான். பிறகு ஒரு ஸ்பேஸ் விட்டு நேரத்தை 24 மணிக் கணக்கில் தாருங்கள். இரவு 10 மணி என்றால் 22:00. இப்படித் தந்தால் கால்க் குழம்பவே குழம்பாது.

அடுத்த பொறி நள்ளிரவு. ஜனவரி 18-ஆம் தேதி 00:20 மணிக்கு ரயில் என்று டிக்கெட்டில் இருந்தால், நீங்கள் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியது 17-ஆம் தேதி இரவு. 18-ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போய் நின்றால், வண்டி முந்தைய நாளே போயிருக்கும். இப்படிக் கோட்டை விட்டவர்கள் நிறையப் பேர். 00 என்று தொடங்கும் நேரம் எதுவானாலும் அந்தச் செல்லுக்கு மஞ்சள் நிறம் கொடுத்து வையுங்கள்.

இடைவெளியைக் கணக்கிடுவது

இப்போது முக்கியமான வேலை. இரண்டாவது வரிசையில் "இடைவெளி" என்ற தலைப்பின் கீழ் உள்ள செல்லில் கிளிக் செய்யுங்கள். கீபோர்டில் சமக்குறியை (=) தட்டுங்கள். அடுத்த வரிசையில் உள்ள புறப்படும் நாள்-நேரச் செல்லை மவுஸால் கிளிக் செய்யுங்கள். கழித்தல் குறியைத் தட்டுங்கள். இப்போது இந்த வரிசையில் உள்ள சேரும் நாள்-நேரச் செல்லை கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். அவ்வளவுதான். அடுத்த ரயில் புறப்படும் நேரத்திலிருந்து இந்த ரயில் சேரும் நேரத்தைக் கழித்தாகிவிட்டது.

மறுபடி அதே செல்லை கிளிக் செய்தால் அதன் வலது கீழ் மூலையில் ஒரு சிறு சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்துக் கீழே இழுங்கள். எல்லா வரிசைக்கும் கணக்கு தானாக வந்துவிடும். கடைசி வரிசைக்கு மட்டும் அடுத்த ரயில் இல்லை. அதை விட்டுவிடுங்கள்.

விடை புரியாத எண்ணாக வந்தால் பயப்பட வேண்டாம். அந்தச் செல்களைத் தேர்வு செய்து, கண்ட்ரோல் கீயுடன் 1 என்ற கீயை அழுத்துங்கள். ஒரு டயலாக் பாக்ஸ் கிடைக்கும். அதில் பார்மட் கோட் என்ற கட்டத்தில், சதுர அடைப்புக்குறிக்குள் இரண்டு ஹெச், பிறகு கோலன், பிறகு இரண்டு எம் என்று டைப் செய்து ஓகே தாருங்கள்.

அந்த அடைப்புக்குறியை மறக்கக் கூடாது. ஜனவரி 7 காலை 6.30-க்கு டெல்லி சேர்ந்து, 9-ஆம் தேதி பகல் 12 மணிக்கு அடுத்த ரயில் என்றால் இடைவெளி 53 மணி 30 நிமிடம். அடைப்புக்குறி இல்லாவிட்டால் கால்க் முழு நாட்களைத் தள்ளிவிட்டு 05:30 என்று காட்டும். ஐந்தரை மணி நேரம்தான் இருக்கிறது என்று நீங்கள் வீணாகப் பதறுவீர்கள்.

இனி, குறைந்த இடைவெளி இருந்தால் சிவப்பு விளக்கு எரியச் செய்வோம். இடைவெளிச் செல்கள் அனைத்தையும் தேர்வு செய்து, பார்மட் மெனுவில் கண்டிஷனல், அதில் கண்டிஷன் என்பதை கிளிக் செய்யுங்கள். "இஸ் லெஸ் தேன்" என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்துக் கட்டத்தில் 0.5 என்று டைப் செய்யுங்கள். அப்ளை ஸ்டைல் என்ற இடத்தில் எர்ரர் என்பதைத் தேர்வு செய்து ஓகே தாருங்கள். கால்க்கிற்கு ஒரு நாள் என்றால் 1. ஆகவே 0.5 என்றால் 12 மணி நேரம், 0.25 என்றால் 6 மணி நேரம். 12 மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளி எல்லாம் இப்போது சிவப்பாகிவிடும்.

வடக்கே ஒரு சிவப்புக் கட்டம் கூட இருக்கக் கூடாது. இது என் அனுபவத்தில் வைத்த விதி. பனி விழும் பகுதியில் அன்றே இறங்கி அன்றே அடுத்த ரயில் வேண்டாம். ஓர் இரவு தங்குங்கள். ஐ.ஆர்.சி.டி.சி. மூலமே பல பெரிய ஸ்டேஷன்களில் பி.என்.ஆர். எண்ணைத் தந்து ரிட்டயரிங் ரூம் எடுக்கலாம். தனியாகப் போகிறவருக்கு நடு இரவில் ஆட்டோ தேடி அலையும் வேலை மிச்சம்.

நம் ஊர்ப் பக்கமும் இடைவெளி வேண்டும்

தெற்கே சென்னையில் இறங்கி அன்றிரவே டெல்லி வண்டி ஏறுவதால் அந்தக் கட்டமும் சிவப்பாகத்தான் காட்டும். காலை 11.30-க்கு எழும்பூர், இரவு 10-க்கு சென்ட்ரல் என்றால் பத்தரை மணி நேரம். இது போதும். எழும்பூரிலிருந்து சென்ட்ரல் மெட்ரோ ரயிலில் அடுத்த ஸ்டேஷன்தான். ஆனால் "நம்ம ஊர்தானே" என்று இதை இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிடாதீர்கள்.

வடக்கே பனி என்றால் நமக்குப் புயல். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்து, பண்ருட்டி பக்கம் முந்திரி, பலா எல்லாவற்றையும் சாய்த்ததை நாம் மறக்க முடியுமா? 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் வந்தது. டிசம்பர் 2-ஆம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தை வெள்ளம் தொட்டதால் ரயில்களை நிறுத்தினார்கள். விருத்தாசலத்தில் ஏறி சென்னை போகிறவர்களுக்கு அதுதான் பாதை. டிசம்பர் முதல் பாதியில் கிளம்புகிறவர்கள் ஒரு நாள் முன்பே சென்னை போய்விடுவது நல்லது.

திரும்பும் நாளிலும் கவனம் வேண்டும். பொங்கலுக்கு முந்தைய இரண்டு நாட்களில் சென்னையில் வந்து இறங்கினால், ஊருக்குப் போகும் மொத்தக் கூட்டத்தோடும் நீங்கள் போட்டி போட வேண்டும். தைப்பூசத்தன்று வடலூர் ஜோதி தரிசனத்துக்கு வரும் கூட்டத்தில் நம் சாலையில் பஸ் நகராது. பெட்டி படுக்கையோடு அன்று கிளம்பவோ திரும்பவோ வேண்டாம். காலண்டரைப் பார்த்து அந்த நாட்களைத் தவிருங்கள்.

புக்கிங் எப்போது திறக்கும்?

முன்பு 120 நாட்களுக்கு முன்பே டிக்கெட் எடுக்கலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகக் குறைந்துவிட்டது. இதையும் கால்க்கிடமே கேட்கலாம். "புக்கிங் திறக்கும் நாள்" செல்லில் சமக்குறி தட்டி, அந்த வரிசையின் புறப்படும் செல்லை கிளிக் செய்து, கழித்தல் குறி, 60 என்று தட்டி என்டர் செய்யுங்கள். ஜனவரி 5 பயணத்துக்கு நவம்பர் 6. ஜனவரி 9-க்கு நவம்பர் 10. ஜனவரி 18-க்கு நவம்பர் 19. ஒரே நாளில் எல்லா டிக்கெட்டும் எடுக்க முடியாது என்பது இப்போது புரிந்திருக்கும். காலை 8 மணிக்குப் புக்கிங் திறக்கும். வேறு ஊரிலிருந்து முந்தைய நாளே புறப்பட்டு வரும் ரயில் என்றால், அது புறப்படும் நாளிலிருந்துதான் 60 நாள் எண்ண வேண்டும்.

நவம்பரில் டிக்கெட் எடுக்கும்போது என்.டி.இ.எஸ். தளத்தில் அந்த ரயில் நேரத்துக்கு வருவதாகக் காட்டும். அப்போது பனி ஏது? நவம்பர் நிலவரத்தை ஜனவரிக்குக் கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். சில தனியார் தளங்கள் முந்தைய மாதங்களின் தாமதப் பதிவையும் காட்டுகின்றன. கடந்த ஜனவரியைப் பாருங்கள். அடுத்த வருடம் போகும் எண்ணம் இருந்தால், இந்த ஜனவரியில் ஒரு பத்து நாள் உங்களுக்கு வேண்டிய ரயிலை நீங்களே பார்த்து இன்னொரு ஷீட்டில் குறித்து வையுங்கள். இதைவிட நல்ல தகவல் கிடைக்காது.

பனிக்காலத்தில் சில ரயில்களை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரத்து செய்வதும், வாரத்தில் சில நாள் மட்டும் ஓட்டுவதும் வருடா வருடம் நடக்கும். ரயில்வே அந்தப் பட்டியலை முன்கூட்டியே வெளியிடும். டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள். எடுத்த பிறகு ரயிலே ரத்தானால் இ-டிக்கெட் பணம் தானாக உங்கள் கணக்குக்குத் திரும்பும்.

தனியாகப் போகும் 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் கீழ் பெர்த் கோட்டா உண்டு. புக்கிங் பக்கத்தில் கோட்டா என்ற இடத்தில் "லோயர் பெர்த், சீனியர் சிட்டிசன்" என்பதைத் தேர்வு செய்து தேடிப் பாருங்கள். கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுவிட்டது. அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். குளிருக்காக முடிந்தால் ஏ.சி. பெட்டியில் எடுங்கள். கம்பளி, விரிப்பு தருவார்கள். ஸ்லீப்பரில் எதுவும் கிடையாது, ஜன்னல் இடுக்கில் குளிர் காற்று வேறு வரும். ஜனவரி இரவில் டெல்லியில் 7, 8 டிகிரி சாதாரணம். அமிர்தசரஸில் அதற்கும் கீழே.

ரயில் தாமதமானால் பணம் திரும்புமா?

நான் 2015-இல் தெரியாமல் விட்ட விஷயங்கள் இவை. உங்கள் டேபிளின் அடியில் டைப் செய்து வையுங்கள்.

நீங்கள் ஏறும் ஸ்டேஷனில் ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், நீங்கள் போக விரும்பவில்லை என்றால் முழுப் பணமும் பெறலாம். ஆனால் ரயில் அங்கிருந்து உண்மையில் புறப்படும் முன்பே ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் டி.டி.ஆர். பதிவு செய்துவிட வேண்டும். வண்டி போன பிறகு செய்தால் பயனில்லை.

ஒரு ரயிலின் தாமதத்தால் அடுத்த ரயிலைத் தவற விட்டால் என்ன செய்வது? 2019 ஏப்ரல் 1 முதல் இரண்டு பி.என்.ஆர். எண்களை இணைக்கும் வசதி வந்திருக்கிறது. பயணியின் விவரங்கள் இரண்டு டிக்கெட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் இனிஷியலோடும் மற்றதில் இனிஷியல் இல்லாமலும் பெயர் தராதீர்கள். முதல் ரயில் வந்து சேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள் விண்ணப்பித்தால், தவறிய ரயிலின் கட்டணம் திரும்பும். நான் போன காலத்தில் இந்த வசதி கிடையாது. ஆனால் பணம்தான் திரும்பும், சீட் திரும்பாது. அந்த இரவில் புது டிக்கெட்டுக்கு நீங்கள்தான் அலைய வேண்டும். அதனால்தான் முதலில் இடைவெளியைச் சொன்னேன்.

கவலை நேரம்

இப்போது வாக்களித்த விஷயத்துக்கு வருவோம். ரயில் காலை 6.30-க்கு டெல்லி சேரும் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறோம். 7 மணிக்கு போன் வராவிட்டால் வீட்டில் இருப்பவருக்கு மனது அடித்துக்கொள்ளும். 9 மணிக்கு அழுகை. ஆனால் ரயில் ஆக்ராவுக்கு அந்தப் பக்கம் பத்திரமாக நின்றுகொண்டிருக்கும்.

"கவலை நேரம்" செல்லில் சமக்குறி தட்டி, சேரும் நாள்-நேரச் செல்லை கிளிக் செய்து, கூட்டல் குறி, 0.5 என்று தட்டி என்டர் செய்யுங்கள். சேரும் நேரத்தோடு 12 மணி நேரம் கூடிவிடும். நம் பக்கத்து ரயில்களுக்கு 0.25 போதும். ஜனவரி 7-க்கு மாலை 6.30 என்று வரும். அதற்கு அர்த்தம் இதுதான்: இந்த நேரம் வரை போன் வரவில்லை என்றால் கவலைப்படத் தேவையில்லை. தாண்டினால் என்.டி.இ.எஸ். தளத்தில் ரயிலைப் பாருங்கள், 139-க்குப் போன் செய்யுங்கள், தங்கும் இடத்தின் எண்ணில் கூப்பிடுங்கள்.

போகிறவருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. போனில் சார்ஜ் போனாலும், பக்கத்து சீட்காரர் போனை வாங்கியாவது அந்த நேரத்துக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். வீட்டு எண்ணை மனப்பாடமாக வைத்திருங்கள். போனுக்குள் இருக்கும் எண், போன் அணைந்தால் உதவாது.

டேபிளை முடித்ததும் சேவ் செய்யுங்கள். பார்மட் மெனுவில் பேஜ் ஸ்டைல் சென்று லேண்ட்ஸ்கேப் என்று மாற்றினால் எல்லாத் தலைப்புகளும் பெரும்பாலும் ஒரே தாளில் அடங்கும். கண்ட்ரோல் கீயுடன் பி அழுத்தி இரண்டு பிரிண்ட் எடுங்கள். ஒன்று உங்கள் சட்டைப் பையில், ஒன்று வீட்டில். பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் அஸ் பி.டி.எப். கொடுத்து ஒரு காப்பியை உங்களுக்கே மெயில் செய்துகொள்ளுங்கள். வீட்டில் இருப்பவருக்கு என்.டி.இ.எஸ். தளத்தைத் திறந்து ரயில் எண் போட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டுக் கம்ப்யூட்டர் சும்மா இருக்க வேண்டாமே.

பக்கத்துத் தெருக்காரர் சென்ற ஜனவரியில் போய் வந்துவிட்டார். அவர் ரயில் டெல்லிக்கு ஏழு மணி நேரம் தாமதமாகச் சேர்ந்தது. அன்று காலை அவர் வீட்டைத் தாண்டிப் போனபோது, ஏதாவது சேதி உண்டா என்று கேட்டேன். வீட்டு அம்மா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார். "இன்னும் ஆக்ரா வரவில்லை தம்பி. சாயங்காலம் ஆறரை வரை நேரம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, சமையலைப் பார்க்க எழுந்து போனார்.